கடவுள் இல்லை என்பவர்கள் செத்த பிறகு எங்கே போவார்கள்?

கல்யாண வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சாவு வீட்டில்தான், பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீயைக் கையில் வைத்தபடி மெதுவாக ஆரம்பிப்பார்கள். "சாமி கும்பிடறதில்ல, சரி. செத்ததுக்கு அப்புறம் என்ன ஆகும்னு நெனக்கிற? அதையாவது சொல்லு." கேட்பவர்களில் சிலர் என்னை மடக்கக் கேட்கிறார்கள். சிலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள், குரலில் கொஞ்சம் பயமும் இருக்கும். இந்தப் பதிவு இரண்டாமவர்களுக்கானது. சாவு வீட்டில் உட்கார்ந்து இவ்வளவு நீளமாகப் பேச முடியாது.

சுருக்கமான பதில்: எங்கேயும் போவதில்லை. ஆள் அதோடு முடிந்துபோகிறார். உடல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பிறகு அதுவும் மண்ணாகவோ சாம்பலாகவோ ஆகிவிடும்.

நீளமான பதிலுக்கு முன்னால் ஒன்று. நாத்திகர்கள் எல்லாருக்கும் இந்த விஷயத்தில் ஒரே கருத்து கிடையாது. சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை ஏற்பதில்லை, ஆனால் மறுபிறப்பை ஏற்கின்றன. கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய மெக்டகார்ட் (1866–1925) என்ற தத்துவவாதி கடவுள் இல்லை என்றார், அதே மூச்சில் நாம் யாரும் அழிவதில்லை என்றும் வாதாடினார். ஆகவே கடவுளை மறுப்பது வேறு, உயிர் தனியாகப் பிரிந்து போகிறது என்பதை மறுப்பது வேறு. நம் ஊரில் நாத்திகர் என்றால் பெரும்பாலும் இரண்டையும் மறுப்பவர். நானும் அந்தக் கூட்டம்தான். இனி சொல்லப்போவதெல்லாம் அந்தக் கூட்டத்தின் சார்பாக.

இந்த இரட்டை மறுப்பு பெரியார் காலத்தில் முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள், மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்பவர்களும் உண்டு. மணிமேகலையை எடுத்து 27-ஆம் காதையைப் படித்துப் பாருங்கள். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக்காரரும் தங்கள் கொள்கையை மணிமேகலைக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் பூதவாதி என்று ஒருவர் வருகிறார். அவர் சொல்வது இதுதான்: பூவையும் வெல்லக்கட்டியையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து வைத்தால் மதுவில் வெறி பிறக்கிறது. அந்த வெறி பூவிலும் இல்லை, வெல்லத்திலும் இல்லை. அப்படித்தான் நிலம், நீர் போன்ற பூதங்கள் சேரும்போது உணர்வு தோன்றுகிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை ஓய்வதுபோல அந்த உணர்வும் இல்லாமல் போகிறது. இந்தப் பிறவியும் இதன் இன்பமும்தான் உண்மை, மறுபிறவியும் வினைப்பயனும் பொய்.

பறை அடித்து முடித்த பிறகு ஓசை எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை. இதைவிடத் தெளிவாக இந்தக் கொள்கையைச் சொன்ன இன்னொரு இடம் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருப்பவர் ஒரு பௌத்தக் கவிஞர், மறுப்பதற்காக எடுத்து வைத்தது. பூதவாதிகள் தாங்களே எழுதிய தமிழ் நூல் எதுவும் நம் கையில் இல்லை. சைவர்களின் சிவஞான சித்தியார் பரபக்கமும் கிட்டத்தட்ட இதையே சொல்லும் உலகாயதன் கட்சியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு மறுக்கிறது. எதிராளிகள் இவ்வளவு பொறுப்பாகப் பதிந்து வைத்ததால்தான் அந்தக் குரல் நமக்குக் கேட்கிறது. அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

மணிமேகலை பூதவாதியைச் சும்மா விடவில்லை. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிறாயே, உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். சரியான கேள்வி. அந்தப் பூதவாதி அந்த இடத்தில் தோற்றார் என்றே நானும் சொல்வேன். இன்றைய நாத்திகர் அனுமானத்தை மறுப்பதில்லை. அனுமானம்தான் எங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்து விடுகிறது.

எப்படி என்றால், மறதி நோய் வந்த பெரியவர் ஒருவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் நேற்றுச் சாப்பிட்டது மறக்கும். பிறகு பேரன் பேத்தி பெயர்கள். பிறகு பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்பார். கடைசியில் கோபம், கூச்சம், பாசம் என்று அவரை அவராக ஆக்கியவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். மூளையின் ஒரு பக்கத்தில் ரத்தம் அடைத்தால் பேச்சு போகிறது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தால் இரண்டு மணி நேரம் நாம் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. மூளையில் கொஞ்சம் கெட்டால் ஆளில் கொஞ்சம் போகிறது, நிறையக் கெட்டால் நிறையப் போகிறது. இதயம் நின்று நாலைந்து நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் போனால் மூளை செல்கள் சாகத் தொடங்குகின்றன. அத்தனையும் செத்த பிறகு, நினைவும் பாசமும் கோபமும் முழுசாக, பழையபடி, வேறெங்கோ போய் இருக்கும் என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மூளை பாதி கெட்டபோதே தாங்காத நினைவு, முழுதும் கெட்ட பிறகு எப்படித் தாங்கும்?

செத்துப் பிழைத்தவர்கள் ஒளியைப் பார்த்தோம் என்கிறார்களே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கிலாந்தின் பேர்போன நாத்திகத் தத்துவவாதி ஏ. ஜே. அயருக்கே அது நடந்தது. 1988-ல் நிமோனியாவோடு லண்டன் மருத்துவமனையில் கிடந்தபோது மீன் துண்டு ஒன்று தொண்டையில் சிக்கி, நாலு நிமிடம் இதயம் நின்றுவிட்டது. பிழைத்து எழுந்து, கண்ணைக் கூசவைக்கும் சிவப்பு ஒளி ஒன்றைக் கண்டதாகவும், பிரபஞ்சத்தை நடத்துவது அதுதான் என்று அப்போது தோன்றியதாகவும் பத்திரிகையில் எழுதினார். மறைக்கவில்லை. தன் நம்பிக்கை லேசாக ஆடியது என்றும் எழுதினார். பிறகு இன்னொரு கட்டுரையில், ஆடியது நம்பிக்கை இல்லை, தன் பிடிவாதம்தான் என்று தெளிவுபடுத்தினார். இதயம் நின்றாலும் மூளை வேலை செய்துகொண்டிருந்தது என்பதே பொருத்தமான விளக்கம் என்பது அவர் கணிப்பு. எனக்கும் அதுவே படுகிறது. அவர்கள் பார்த்தது பொய் என்று நான் சொல்லமாட்டேன். பார்த்தார்கள், ஆனால் அப்போது அவர்கள் சாகவில்லை.

சரி, பயம்? இல்லாமல் போகப்போகிறோம் என்று நினைத்தால் பயமாக இருக்காதா?

இதற்கு 2,300 வருடங்களுக்கு முன்பே கிரேக்கத்தில் எபிகூரஸ் ஒரு பதில் சொன்னார். நாம் இருக்கும்வரை சாவு வருவதில்லை, சாவு வந்தபின் நாம் இருப்பதில்லை, இருவரும் சந்திக்கப்போவதே இல்லாதபோது எதற்குப் பயம் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் வழி வந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இன்னொன்றைச் சேர்த்தார்: பிறப்பதற்கு முன்னால் கழிந்துபோன அத்தனை காலத்தையும் நினைத்துப் பார், அது உனக்கு வலித்ததா? 1850-ல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகு சிப்பாய்க் கலகம் நடந்தது, தாது வருடப் பஞ்சம் வந்துபோனது, நாம் இல்லாததைப் பற்றி நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. செத்த பிறகும் அவ்வளவுதான்.

இதை நம்பி ஒரு மனிதர் நிம்மதியாகச் சாக முடியுமா என்று நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1776 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. எடின்பரோவில் தத்துவவாதி டேவிட் ஹியூம் வயிற்று நோயால் செத்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அவரைப் பார்க்கப் போனார். வெள்ளை உலோகப் பொத்தான் வைத்த சாம்பல் நிற உடுப்பில், மெலிந்து, முன்னால் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஹியூம் உட்கார்ந்திருந்தார். சாகும் நேரத்திலாவது இவர் மனம் மாறியிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள பாஸ்வெலுக்குத் துடிப்பு. மறுமை என்று ஒன்று இருக்கலாம் இல்லையா என்று கேட்டார். நெருப்பில் போட்ட கரித்துண்டு எரியாமலும் இருக்கலாம்தான் என்றார் ஹியூம். இல்லாமல் போவதை நினைத்தால் கலக்கமாக இல்லையா என்று அடுத்த கேள்வி. கொஞ்சம்கூட இல்லை, நான் பிறக்காமல் இருந்த காலத்தை நினைத்தால் எனக்கு எப்படியோ அப்படித்தான் இதுவும் என்று லுக்ரீஷியஸைத் துணைக்கு இழுத்தார். அன்று கலங்கிப்போய்த் திரும்பியவர் பாஸ்வெல்தான். அடுத்த மாதம் 25-ஆம் தேதி ஹியூம் இறந்தார். நண்பர் எவ்வளவு அமைதியாகச் செத்தார் என்று ஆடம் ஸ்மித் ஒரு கடிதத்தில் எழுதி வெளியிட்டார். நாத்திகன் ஒருவன் நல்ல சாவு செத்தான் என்று எழுதியதை அந்த ஊர் பொறுக்கவில்லை. பொருளாதாரத்தைப் பற்றி அதே வருடம் ஸ்மித் வெளியிட்ட பெரிய புத்தகத்துக்குக்கூட அவ்வளவு வசவு வரவில்லை.

ஹியூமுக்கு 65 வயது. எழுத வேண்டியதை எழுதி முடித்தவர். பகத் சிங்குக்கு 23. லாகூர் சிறையில், தூக்கு நிச்சயம் என்று தெரிந்த நிலையில், 1930 அக்டோபரில் 'நான் ஏன் நாத்திகன்' எழுதினார். இந்து என்றால் ராஜாவாக மறுபடி பிறக்கலாம் என்று ஆறுதல் இருக்கும், முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் சொர்க்கம் இருக்கும், எனக்கு என்ன இருக்கிறது என்று அவரே கேட்டுக்கொள்கிறார். கயிறு கழுத்தில் விழுந்து காலடிப் பலகை நகரும் அந்த நொடிதான் கடைசி, அதோடு எல்லாம் சரி என்று அவரே பதிலும் சொல்கிறார். அப்படித் தெரிந்தும் அவர் பின்வாங்கவில்லை. 1931 மார்ச் 23 அன்று தூக்கில் போட்டார்கள். அந்தக் கட்டுரையை நம் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தமிழில் மொழிபெயர்த்தார், பெரியாரின் குடி அரசு அச்சகம் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவரும், வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள்.

ஆனால் எபிகூரஸின் வாதம் எனக்கு முழுசாகப் போதவில்லை. செத்தவருக்கு வலிக்காது என்பதை அது நிரூபிக்கிறது, சாவில் நஷ்டமே இல்லை என்பதை நிரூபிக்கவில்லை. தத்துவவாதி தாமஸ் நாகெல் 1970-ல் எழுதிய கட்டுரையில் சரியாகப் பிடித்தார்: சாவு கெட்டது, ஏனென்றால் உயிரோடு இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அத்தனையையும் அது பறித்துக்கொள்கிறது. இருபது வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 1850-ஐ நினைத்துப் பார் என்று எந்த நாத்திகரும் சொல்லக் கூடாது. அங்கே வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த ஜென்மத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் எங்களிடம் இல்லை. இல்லாததை இருப்பதுபோல் காட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் எங்கள் ஆட்களே இரங்கல் கூட்டத்தில் "அவர் சாகவில்லை, நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்" என்று பேசும்போது எனக்கு ஒப்பவில்லை. அவர் வாழவில்லை. அவரைப் பற்றிய நம் நினைவு இருக்கிறது, அதுவும் நாம் இருக்கும்வரைதான். ஆன்மாவை வாசல் வழியே வெளியே அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே கூட்டிவருகிற வேலை இது.

பெரியார் அதைச் செய்யவில்லை. 1933 மே 11 அன்று மனைவி நாகம்மையார் இறந்தபோது குடி அரசு இதழில் அவர் எழுதிய இரங்கலைத் தேடிப் படியுங்கள். மேலுலகம், சாந்தி, மறுபடி சந்திப்பது என்ற பேச்சே கிடையாது. எதை இழந்தேன் என்று சொல்வது எனத் தெரியாமல் தடுமாறி, தன் வாழ்வில் அவர் என்னவாக இருந்தார் என்பதை அடுக்கிக்கொண்டே போகிறார். மனைவிக்குத் தான் நல்ல கணவனாக நடக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். அடுத்த நாளே திருச்சிக்குப் போய், தடை உத்தரவை மீறி ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்திக் கைதானார். சிலருக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். அந்த இரங்கலைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். செத்தவருக்கு இனி எதுவும் நேரப்போவதில்லை, நேர்வதெல்லாம் இருப்பவர்களுக்குத்தான். இதை முழுசாக ஏற்றுக்கொண்ட ஒருவரின் துக்கம் அது.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயமும். நாத்திகரைப் பொறுத்தவரை சாவுக்குப் பின் நடப்பது நிறைய. அவருக்கு எதுவும் நடப்பதில்லை, அவ்வளவே.

எங்கள் பெரியப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பெரியம்மா வெள்ளி செவ்வாய் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கண்ணையும் உடலையும் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியப்பா எழுதி வைத்திருந்தார். அவர் இறந்தது ராத்திரி. கண் வங்கிக்கு போன் செய்தபோது அவர்கள் சொன்னதை நான் அப்படியே செய்தேன்: மின்விசிறியை நிறுத்தினேன், இமைகளை மூடி ஈரப் பஞ்சை மேலே வைத்தேன், தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தினேன். விழிவெண்படலம் காய்ந்துவிடாமல் இருக்கவும், கண் எடுக்கும்போது ரத்தம் கசியாமல் இருக்கவும்தான் இவ்வளவும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

அதற்குள் அத்தை அழுதுகொண்டே வந்து நின்றார். "அய்யோ, கண்ண எடுத்துட்டா எங்கண்ணன் அடுத்த பிறவில குருடாப் பொறந்துருவாரே!" அறை முழுக்க அமைதி. நான் ஏதாவது விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியம்மா சொன்னார்: "அடுத்த பிறவியே இல்லன்னுதானம்மா உங்கண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரு கண்ணு, அவரு சொன்னபடி செய்யட்டும்." அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் வங்கி ஆட்கள் வந்து, கையெழுத்து வாங்கி, பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டார்கள். கால் மணி நேரம் இருக்கும். வெளியே வந்த பிறகு நான் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிற பெரியப்பாதான், ஒரு வித்தியாசமும் இல்லை.

காலையில் உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். இங்கே சுடுகாடே இல்லை என்பதால் பெரியம்மாவும் நானும் வண்டியில் கூடவே போனோம். உடற்கூறியல் துறையில் இறப்புச் சான்றையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, பெரியம்மாவிடம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்று நோய்களோடு இறந்தவர்களின் உடலையும் எடுப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். கண் கொடுத்திருந்தது தடையாக இல்லை. முதலாண்டு மாணவர்கள் பாடம் தொடங்குமுன் உடலுக்கு முன்னால் நின்று, இதை மதிப்போடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுப்பார்கள் என்று அங்கிருந்த ஒரு பேராசிரியர் சொன்னார். "அப்ப இவரு இன்னும் கொஞ்ச நாளு வேலைக்குப் போறாரு" என்றார் பெரியம்மா. துக்கத்துக்கு நடுவில் அவருக்கு ஒரு பெருமிதம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கம்யூனிஸ்ட் தலைவர் ஜோதி பாசு 2010 ஜனவரியில் இறந்தபோது அவர் உடல் கொல்கத்தாவின் மருத்துவமனை ஒன்றுக்குப் போனது. அதே கட்சியின் சீதாராம் யெச்சூரியின் உடல் 2024 செப்டம்பரில் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது. இப்படிக் கொடுக்க நாத்திகராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, விபூதி பூசிக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. மறுபிறவிக் கணக்கு குறுக்கே வராததால் எங்களுக்கு முடிவெடுப்பது சுலபம், அவ்வளவுதான். ஒருவருடைய இரண்டு கண்கள் இரண்டு பேருக்குப் பார்வை தரும். என் பெரியப்பாவின் கண்கள் யாருக்குப் போயின என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். சொல்லவும் வேண்டாம்.

கருமாதி வேண்டாம் என்றும் பெரியப்பா எழுதியிருந்தார். பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்தோம். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் மணியார்டர் வாங்கிய கிழவிகள், கடன் வாங்கித் திருப்பித் தராத ஒருவர் உட்படப் பலரும் வந்து பேசினார்கள். மந்திரம் இல்லாத குறை எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அமாவாசை தோறும் அவர் காக்காய்க்குச் சோறு வைக்கிறார். முதல் தடவை வைக்கும்போது என்னைப் பார்த்து, தப்பா என்று கேட்டார். இல்லை பெரியம்மா என்றேன். அந்தச் சோறு பெரியப்பாவுக்குப் போய்ச் சேராது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நாற்பது வருடம் ஒருவருக்குச் சோறு போட்ட கைக்கு அது வேண்டியிருக்கிறது.

நாம் எழுதி வைத்தாலும், செத்த பிறகு வீட்டார் சம்மதிக்காவிட்டால் கண்ணையும் உடலையும் எடுக்கமாட்டார்கள். ஆகவே படிவம் நிரப்புவது பாதி வேலை, வீட்டில் உட்கார்ந்து பேசுவது மீதி. நான் என் கணவரிடமும் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். கண் வங்கி எண் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. உடல் மருத்துவக் கல்லூரிக்கு, காரியம் எதுவும் வேண்டாம். அப்போது அம்மா இருந்து, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், அவர் விருப்பப்படி செய்துகொள்ளட்டும் என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.